காற்றைக் கூட்டிக் கெடுத்த கதை

சபரிமலை மகரஜோதி முடிந்து பத்தாம் நாள். காலையில் போய்ப் பார்த்தால் நான் வேலை பார்க்கும் விடுதியின் கழிவுநீர் பிளாண்டில், சகதி அடியில் படிந்து தண்ணீர் தெளிய வேண்டிய செட்லிங் டேங்கில் சகதி அப்பளம் அப்பளமாக மேலே வந்து மிதக்கிறது. முந்தின நாள்வரை கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர், விளிம்பைத் தாண்டி வழியும்போது கஞ்சித் தண்ணி நிறத்தில் இருந்தது. இது 2023 ஜனவரி. அந்த பிளாண்டை நான் கையில் எடுத்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம்.

எனக்குச் சொந்த ஊர் கம்பம். படித்தது ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன். லோயர் கேம்ப் தாண்டி மலைச்சாலையில் பஸ் ஏறும்போது, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் கரண்ட் எடுக்க இறக்கிக் கொண்டுவரும் அந்த ராட்சதக் குழாய்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் மேலே குமுளியில் போய்க் கழிவுநீர் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளுக்குப் பின்னால் எங்கள் பஸ் ஊர்ந்துகொண்டு ஏறும். எல்லைக்கு அந்தப் பக்கம் இறங்கி நடந்தால் பதினைந்து நிமிடத்தில் விடுதி. அறுபது அறை, சாமிமார் தங்க ஒரு பெரிய ஹால், ஒரு சமையற்கூடம். எல்லாவற்றின் கழிவும் கடைசியில் என்னிடம்தான் வரும். ஒரு நாளைக்கு 80 ஆயிரம் லிட்டர் தாங்கும்படி கட்டிய எஸ்.டி.பி., அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அது.

சகதி மிதப்பதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: அடியில் அழுகுகிறது, காற்று பத்தவில்லை. தொட்டிக்குக் காற்று அடிக்கும் ப்ளோயர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டாண்ட்பையில் இருந்ததையும் போட்டுவிட்டேன். இரண்டும் சேர்ந்து மூன்று நாள் ராப்பகலாக ஓடின. மூன்றாம் நாள் அப்பளம் ஜமுக்காளம் ஆகியிருந்தது.

மேனேஜர் கோட்டயத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் மலையாளம். அன்றைக்கு முழுக்க மலையாளம். பராமரிப்பு ஒப்பந்தக் கம்பெனிக்குப் போன் போட்டால் "ஃபோட்டோ அனுப்புங்க, பாக்குறோம்" என்ற பதிலோடு சரி. கடைசியில் திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறை பிளாண்டுகளில் இருபது வருடம் ஓட்டிய ஒரு அண்ணனுக்கு அடித்தேன். ஒரு பயிற்சியில் பழக்கமானவர். அவர் முதலில் கேட்டது காற்றைப் பற்றி அல்ல.

"நாத்தம் அடிக்குதாடா?"

"இல்லண்ணே. மண்வாசனை மாதிரிதான் இருக்கு."

"மெதக்குற சகதி கருப்பா, செவலையா?"

"செவலைதான்."

"ஜார்ல புடிச்சு வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்ணே. அரை மணியில நல்லா அடங்குது. முந்நூறு மில்லி."

"அரை மணியோட கொட்டிட்டியாக்கும்? கொட்டாத. அப்படியே வச்சிட்டுப் போயி டீ குடிச்சிட்டு வா."

வைத்தேன். கழிவில் காற்றை விடும் ஏரேஷன் டேங்கின் தண்ணீரை ஒரு லிட்டர் ஜாரில் பிடித்து, அரை மணியில் சகதி எத்தனை மில்லிக்கு அடங்குகிறது என்று பார்க்கும் சோதனை இது. டீ குடிக்கப் போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். முப்பது நிமிடத்தில் சகதி அடியில் நன்றாகப் படிந்து, மேலே கொஞ்சம் கலங்கலான தண்ணீர் நின்றது. நாற்பத்தைந்தாவது நிமிடம் ஜாரின் ஓரத்தில், சகதிக்கும் கண்ணாடிக்கும் நடுவில், ஊசிமுனை அளவுக் குமிழ்கள் ஒட்டியிருந்தன. கொஞ்ச நேரத்தில் சகதியில் வயல் வெடிப்பு மாதிரி ஒரு கீறல். ஒரு மணி நேரம் ஆனபோது மொத்தச் சகதியும் புளித்த மாவு பொங்குவதுபோல் ஒரே உருளையாக மேலே ஏறிவிட்டது. தண்ணீர் கீழே, சகதி மேலே. என் கண்முன்னாடி.

இது அழுகல் இல்லை. அழுகினால் கருக்கும், முட்டை நாற்றம் அடிக்கும். இதற்குக் காரணம் நைட்ரேட். சகதி என்பதே கழிவைத் தின்று வளரும் நுண்ணுயிர்களின் கூட்டம். காற்று நிறையக் கிடைத்தால் அந்த நுண்ணுயிர்கள் சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிவிடும். அதுவரை நல்லதுதான். அந்த நைட்ரேட் தண்ணீரோடு செட்லிங் டேங்குக்குப் போய், அங்கே சகதிக்கு அடியில் காற்று தீர்ந்ததும், உயிர்கள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிச் சுவாசிக்கும். மிச்சமாகும் நைட்ரஜன் வாயு குமிழாக வந்து சகதியைத் தூக்கிவிடும். நான் இரண்டாவது ப்ளோயரைப் போட்டபோது என்ன செய்தேன்? நைட்ரேட்டை இன்னும் கூட்டினேன். நோயையே மருந்து என்று ஊட்டியிருக்கிறேன்.

அண்ணன் அதோடு விடவில்லை. "பி.எச். பாரு" என்றார். சோதனைப் பட்டை போட்டுப் பார்த்தால் 6-க்கும் கீழே, அமிலப் பக்கம். அம்மோனியா நைட்ரேட்டாகும்போது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்னும். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில், 7 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. சமவெளியில் உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால் அது தாங்கிக்கொள்ளும். எங்கள் விடுதிக்கு வருவது மலைத் தண்ணீர், சோப்பு போட்டால் கழுவக் கழுவ வழுக்கும், அவ்வளவு மென்மை. கொடுக்க அதனிடம் காரமே இல்லை. பி.எச். விழுந்தால் சகதித் திரள் உடைந்து தூசியாகும். கஞ்சித் தண்ணிக்குக் காரணம் அதுதான்.

பிறகு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். இதை நான் ஒன்றரை வருடத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரஜோதிவரை எங்களுக்கு தினம் 75 ஆயிரம் லிட்டர் வரும். ஹால் முழுக்க சாமிமார், வாசலில் வரிசையாக பஸ்கள். ஜோதி முடிந்த வாரமே அது 18 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு கால்பங்காகிவிட்டது. பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் அதே எண்ணிக்கை, ஏனென்றால் சீசனில் வளர்ந்த சகதியை நான் எடுக்கவே இல்லை. காற்று மட்டும் 24 மணி நேரமும். பட்டினி கிடக்கும் உயிர்கள் ஒன்றையொன்று தின்று கரைந்து, அதிலிருந்தும் அம்மோனியா வந்து, அதுவும் நைட்ரேட்டாகி, பி.எச்.சை இன்னும் கீழே இழுத்தது.

பக்கத்து ரிசார்ட்டிலிருந்து டி.ஓ. மீட்டர் கடன் வாங்கி ஏரேஷன் டேங்கில் விட்டுப் பார்த்தேன். 6.5 காட்டியது. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜன் என்று அர்த்தம். வேண்டியது 2 தான். குமுளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். இந்த உயரத்தில், அப்போதிருந்த தண்ணீர் குளிர்ச்சியில், நல்ல தண்ணீரே 8-க்குப் பக்கத்தில்தான் பிடித்துவைக்கும். இதில் ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். தண்ணீரில் எவ்வளவு இடம் காலியோ அவ்வளவு வேகமாகத்தான் குமிழிலிருந்து ஆக்சிஜன் கரையும். 2-இல் வைத்திருந்தால் 6 அளவுக்கு இடம் காலி. 6.5-இல் வைத்திருந்தால் 1.5 தான் காலி. அதாவது அதே ப்ளோயர், அதே கரண்ட், கரைவது கால்பங்கு. நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றிருக்கிறேன். மீதிக் காற்று மேலே வந்து யூகலிப்டஸ் மரத்துக்குப் போனது.

உயரத்தைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சீசனில் இதே உயரம் எதிர்ப்பக்கம் அடிக்கும். இங்கே காற்று சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்கு லேசு, ஒரு கன மீட்டரில் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. சமவெளிக் கணக்கில் தேர்ந்தெடுத்த ப்ளோயர் மலையில் அந்தக் கணக்குக்கு வராது. மலையில் பிளாண்டு வாங்குகிறவர்கள் கொட்டேஷன் வாங்கும்போதே எத்தனை மீட்டர் உயரத்துக்குப் போட்ட கணக்கு என்று கேட்டுவிடுங்கள். எங்கள் விடுதியில் யாரும் கேட்கவில்லை.

சரிசெய்த கதைக்கு வருகிறேன். ப்ளோயரை நிறுத்து என்றார் அண்ணன். ஒரு மணி நேரம் ஓடட்டும், ஒன்றரை மணி நேரம் நிற்கட்டும். நிற்கும் நேரத்தில் நைட்ரேட் ஏரேஷன் டேங்குக்குள்ளேயே வாயுவாகிப் போய்விடும், செட்லிங் டேங்குக்கு மிச்சம் இருக்காது. கூடவே, தின்ன காரத்தன்மையில் பாதி திரும்பக் கிடைக்கும். கேட்க நன்றாக இருந்தது. மேனேஜரிடம் சொன்னால் அவர் பயந்துவிட்டார். "மோட்டார் நின்னா பிளாண்ட் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லையா தம்பி? இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வந்து பார்த்தா?" காதால் பிளாண்டை ஓட்டுகிறவர் அவர் மட்டுமில்லை. சத்தம் கேட்டால் சரி, கேட்காவிட்டால் கோளாறு என்று நானும் அப்படித்தான் இருந்தேன்.

"ஒரு வாரம் குடுங்க சார்" என்று கேட்டு வாங்கினேன்.

முதல் நாளே சிக்கல். எங்கள் பிளாண்டில் செட்லிங் டேங்கிலிருந்து சகதியை ஏரேஷன் டேங்குக்குத் திருப்பி அனுப்ப பம்ப் கிடையாது, ஏர்லிஃப்ட். ஒரு குழாய்க்குள் காற்றை விட்டால் அது சகதியைத் தூக்கிக்கொண்டு வரும். சின்ன பிளாண்டுகளில் இதுதான் வழக்கம், மலிவு. ஆனால் காற்று வருவது அதே ப்ளோயரிலிருந்து. ப்ளோயரை நிறுத்தினால் சகதி திரும்புவதும் நின்றுவிடுகிறது. ஒன்றரை மணி நேரம் செட்லிங் டேங்க் அடியில் சகதி உட்கார்ந்திருந்தால், ஜாரில் பார்த்த அதே கூத்து இங்கேயும் நடக்கும். நடந்தது. பிறகு ஸ்டோரில் கிடந்த அரை எச்.பி. மூழ்கு பம்பை இறக்கி, ப்ளோயர் நிற்கும்போது பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் ஓடும்படி டைமர் வைத்தேன். ப்ளோயரை விட்டு விட்டு ஓட்ட நினைக்கும் சின்ன பிளாண்டுக்காரர்கள் முதலில் தங்கள் சகதி எதால் திரும்புகிறது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பி.எச்.சை ஏற்ற சுண்ணாம்பு போடலாம் என்று ஒருவர் சொன்னார். மூட்டையும் வாங்கிவிட்டேன். அண்ணன் தடுத்தார். சுண்ணாம்பு கை தவறினால் பி.எச். ஒரேயடியாகப் பத்துப் பதினொன்றுக்குப் போய் மிச்சமிருக்கும் உயிரையும் கொன்றுவிடும். சோடா உப்பு, நம் பஜ்ஜி மாவில் போடும் அதே சோடா உப்பு, எவ்வளவு போட்டாலும் எட்டேகாலுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். விலை அதிகம்தான். ஆனால் தெரியாதவன் கைக்கு அதுதான் பாதுகாப்பு. தினம் மூன்று கிலோ, வாளியில் கரைத்து, ஏரேஷன் டேங்கில். ஐந்தாம் நாள் பி.எச். 6.8. பிறகு அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, விட்டு விட்டு ஓட்டுவது பழகியதும் மூட்டையைக் கட்டிவைத்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் ஜாரைப் பிடித்து வைத்தேன். இரண்டு மணி நேரம் ஆகியும் சகதி எழவில்லை. அன்று டேங்க் விளிம்பில் மேனேஜர் வந்து நின்று தண்ணீரைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. மலையாளம் பேசவில்லை என்பதே எனக்குப் போதும்.

கரண்ட் கணக்கு அதற்கப்புறம்தான் பார்த்தேன். ப்ளோயருக்குத் தனி மீட்டர் மாட்டினோம். மணிக்கு 4.2 யூனிட். நாள் முழுக்க ஓடினால் நூறு. ஒரு மணி ஓட்டம், ஒன்றரை மணி ஓய்வு என்றால் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் குறைவு, நாற்பது யூனிட். சனி ஞாயிறு கூட்டம் வந்தால் ஓய்வை அரை மணியாக்குவேன், அறுபத்தேழு யூனிட். பிளாண்டில் மற்ற பம்புகள் எல்லாம் சேர்த்தே இருபத்தைந்து யூனிட்தான். பெரிய பிளாண்டுகளிலும் மொத்தக் கரண்டில் பாதிக்கு மேல் காற்றுக்குத்தான் போகும். விளக்கை அணைத்து மிச்சம் பிடிக்கச் சொல்லும் நோட்டீஸ் எங்கள் பிளாண்டு ரூமில் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே 5.5 கிலோவாட் மோட்டார் தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கேரளத்தில் எங்களைப் போன்ற உயரழுத்த இணைப்புக்கு மாலை 6 முதல் 10 வரை யூனிட்டுக்குக் கூடுதல் கட்டணம். சீசன் இல்லாத நாளில் அந்த நேரத்தில் ஓட்டத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ குறைத்து, வரும் கழிவை கலெக்‌ஷன் டேங்கில் தேக்கி, பத்து மணிக்கு மேல் மெதுவாக ஏற்றுவேன். கலெக்‌ஷன் டேங்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காற்றில்லாமல் கிடந்தால் நாறும், அதனால் முழுதாக நிறுத்த முடியாது. பகலில் அந்த டேங்கைக் கீழ்மட்டத்துக்கு இறக்கி வைத்தால்தான் மாலையில் தேக்க இடம் இருக்கும். டேங்க் எப்போதும் நிரம்பியிருந்தால் அது டேங்க் இல்லை, குழாயின் தடித்த பாகம், அவ்வளவுதான்.

இனி மிஷின் சங்கதிகள். எலெக்ட்ரீஷியன் புத்தி, இதில் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன்.

அந்த வருடம் மார்ச்சில் ஒரு மதியம். ஒன்றாம் நம்பர் ப்ளோயர் ஓடுகிறது. இரண்டாம் நம்பர் ஆஃப். எங்களுடன் வேலை பார்க்கும் பையன், மூன்று தலைமுறைக்கு முன் தோட்ட வேலைக்கு ஏறிவந்த குடும்பம், கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். "அண்ணே, இது ஆஃப்லதான இருக்கு?" பெல்ட் கார்டின் சல்லடை வழியாகப் பார்த்தால் நிறுத்திவைத்த ப்ளோயரின் புல்லி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தலைகீழாக. புல்லியில் யாரோ எப்போதோ போட்ட சாக்பீஸ் கோடு போய்ப் போய் வருகிறது. இரண்டாம் நம்பரின் என்.ஆர்.வி., அதாவது காற்றைத் திரும்பி வரவிடாத வால்வு, அதன் மடல் தேய்ந்து முழுதாக மூடவில்லை. ஒன்றாம் நம்பர் அடைத்துத் தள்ளும் காற்றில் ஒரு பங்கு டேங்குக்குப் போகாமல் இரண்டாம் நம்பர் வழியாகத் திரும்பி, அதையும் சுற்றவைத்துவிட்டு வெளியேறுகிறது. எத்தனை மாதமாகவோ. ஒரு ரப்பர் மடல் மாற்றியதும் ஏரேஷன் டேங்கில் குமிழின் வேகம் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த நிலையில் இரண்டாம் நம்பரை ஸ்டார்ட் பண்ணியிருந்தால் தலைகீழாகச் சுற்றும் மோட்டார் இழுத்த கரண்டுக்கு டிரிப் ஆகியிருக்கும், சில சமயம் பெல்ட்டே அறுந்துவிடும். காசில்லாத சோதனை இது: நின்றிருக்கும் ப்ளோயரின் புல்லியைத் தினம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

அடுத்தது பிரஷர் கேஜ். எங்கள் டேங்கில் மூன்றரை மீட்டர் தண்ணீர். அந்தத் தண்ணீரை முட்டிக்கொண்டு காற்று வெளியே வரவே சதுர சென்டிமீட்டருக்கு 0.35 கிலோ அழுத்தம் வேண்டும். குழாய், டிஃப்யூசர் (டேங்க் அடியில் காற்றைச் சின்னக் குமிழ்களாகப் பிரிக்கும் துளை ரப்பர்) எல்லாம் சேர்த்துப் புதிதில் 0.40 இருந்தது. முள் மெல்ல மெல்ல 0.48-க்கு ஏறினால் டிஃப்யூசர் ரப்பரின் துளைகளில் படலம் கட்டிவிட்டது என்று பொருள். காற்று கூடுதலாக வராது, கரண்ட் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இழுக்கும். இறங்கி 0.37-க்கு வந்து, ஒரு மூலையில் மட்டும் சோறு கொதிப்பதுபோல் தண்ணீர் குமுறினால், அங்கே ரப்பர் கிழிந்திருக்கிறது. பெரிய குமிழ் சடாரென்று மேலே போய்விடும், ஆக்சிஜன் கரைய நேரமே இல்லை. பார்க்க மட்டும் பிரமாதமாகக் கொதிக்கும். விசிட் வருகிறவர்கள் அந்த மூலையைப் பார்த்துத்தான் "காற்று நல்லா வருதே" என்பார்கள்.

ஆக, கேஜுக்குப் பக்கத்துச் சுவரில் புதிதில் இருந்த எண்ணைப் பெயிண்டில் எழுதிவையுங்கள். பழைய எண் தெரியாத கேஜ் வெறும் கடிகார முள்.

வி.எஃப்.டி., அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி, அதை விற்க ஒருவர் வந்தார். "வேகத்தைக் குறைத்தால் கரண்ட் மும்மடிக் கணக்கில் குறையும் சார், முப்பத்தைந்து ஹெர்ட்ஸில் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்குதான் செலவு" என்று மேனேஜருக்கு லேப்டாப்பில் படம் காட்டினார். மேனேஜர் வாங்கிவிட்டார். நான் மீட்டரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் முழு வேகமான ஐம்பது ஹெர்ட்ஸில் ஓட்டினேன், 4.2 யூனிட். ஒரு மணி நேரம் முப்பத்தைந்தில் ஓட்டினேன், 3.1. மும்மடிக் கணக்கென்றால் ஒன்றரை யூனிட்கூட வந்திருக்கக் கூடாது. ஏமாற்று என்று சொல்லமாட்டேன், அவர் ஃபேன் கணக்கை ப்ளோயருக்குப் போட்டுவிட்டார். ஃபேனிலும் சென்ட்ரிஃபியூகல் பம்பிலும் வேகம் குறைந்தால் அழுத்தமும் சேர்ந்து குறையும். எங்களுடையது இரண்டு லோப் சுற்றும் ரூட்ஸ் ப்ளோயர். அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது தலைக்கு மேல் நிற்கும் மூன்றரை மீட்டர் தண்ணீர். அது எந்த வேகத்திலும் மாறாது. காற்று எழுபது சதவீதமானால் கரண்டும் எழுபதுக்குப் பக்கத்தில் நிற்கும். முப்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் ப்ளோயர் தன்னுள்ளேயே காற்றைக் கசியவிட்டுச் சூடேறும், மோட்டாரின் சொந்த ஃபேனும் மெதுவாகச் சுற்றுவதால் குளிர்ச்சி கிடைக்காது. எங்களுக்கு விட்டு விட்டு ஓட்டுவதே மலிவு. டைமர் விலை ஆயிரங்களில், இது லட்சத்தை நெருங்கியது. கொஞ்ச நாள் அந்தப் பெட்டியை நான் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

சீசனுக்குத் தயாராவது தனி வேலை. சகதி என்பது உறைமோர் மாதிரி. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் கண்டுபிடித்ததும் அடிப்படையில் இதுதான்: கழிவுநீரில் காற்றை விட்டு, தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, அடியில் படிந்ததைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு அதன்மேலேயே புதுக் கழிவை ஊற்றினார்கள். முதல் தடவை வாரக்கணக்கில் ஆன வேலை, படிவு சேரச் சேர ஒரு நாளுக்குள் முடிந்தது. உறையைக் கொட்டிவிட்டால் அன்றைக்குத் தயிர் கிடையாது. ஐப்பசியில் சகதியை வழித்தெடுத்துப் பிளாண்டைச் "சுத்தமாக" வைத்துக்கொண்டு கார்த்திகை முதல் தேதியை எதிர்கொண்ட ஒரு பிளாண்டு எனக்குத் தெரியும். நாற்பது பஸ் வந்த இரண்டாம் நாள் அந்தத் தெருவே மூக்கைப் பிடித்தது. அதனால் நான் கோடையில் சகதியைக் குறைத்து வைப்பேன், கார்த்திகைக்கு மூன்று வாரம் முன்னாலேயே எடுப்பதை நிறுத்திவிடுவேன். டிசம்பர், ஜனவரியில் இங்கே குளிர். குளிரில் அம்மோனியா தின்னும் உயிர்கள் மந்தமாகிவிடும், கூட்டம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஆகவே சீசனில் சகதியின் ஆட்பலம் கூடுதல் வேண்டும். ஜோதி முடிந்த மறுநாளே தினம் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கத் தொடங்குவேன், ஒரே நாளில் வாரிக் கொட்டுவதில்லை. லிட்டருக்கு 3,500 மில்லிகிராம் சகதி இருக்கும்போது ஜாரில் அரை மணிக்கு 350 மில்லி என்றால் எனக்கு நிம்மதி. அதே சகதி 600 மில்லிக்கு நின்றால் பஞ்சு மாதிரி ஊதிவிட்டது, அது வேறு நோய், பெரும்பாலும் காற்றுப் பற்றாக்குறையோ எண்ணெயோ.

எண்ணெய் என்றதும் சமையற்கூடம். கழிவில் வரும் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் கிரீஸ் டிராப்பை வாரம் இருமுறை வழிக்காவிட்டால் நான் கீழே என்ன செய்தாலும் வீண். அதற்காக மாஸ்டரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, நட்பாகிவிடுவதே வழி. இப்போது எனக்குத் தினம் புட்டும் கடலையும், அவருக்குச் சுத்தமான டிராப். ஹவுஸ்கீப்பிங் பெண்களிடம் கெஞ்சுவது ஒன்று: நுண்ணுயிரைக் கொல்லும் ஆசிட்டும் பிளீச்சிங்கும் வேண்டாம் என்றால் கேட்கமாட்டார்கள், கறை போக வேண்டுமே. ஹால் கழிப்பறைகளை ஒரே நாளில் கழுவாமல் நான்கு நாளாகப் பிரித்துக் கழுவுங்கள் அக்கா என்றேன். அதைக் கேட்டார்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். அந்த மூழ்கு பம்ப் ஒருமுறை சகதித் தொட்டியில் கயிறறுந்து விழுந்துவிட்டது. மூன்றடி ஆழம்தான், எட்டி எடுத்துவிடலாம் என்று பையன் ஏணியைக் கொண்டுவந்துவிட்டான். ஏணியைப் பிடுங்கி எறிந்தேன், இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. சகதியைக் கிளறினால் வரும் வாயுவுக்கு முதல் மூச்சில்தான் நாற்றம், அதிகமாக இருந்தால் மூக்கு மரத்துவிடும், அதற்கப்புறம் ஆள் விழுவதுதான். பாதுகாப்பில்லாமல் ஆளைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்கத் தடை போட்டு 2013-இல் வந்த சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். தொட்டிக்குள் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்கச் சொல்லி 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பணம் பையனின் அம்மாவுக்கு எதற்கு? பம்பைக் கொக்கி போட்டு அரை நாளில் எடுத்தோம். இப்போது பம்புக்குக் கயிறு இல்லை, ஸ்டீல் சங்கிலி.

இப்போதைய நிலவரம். விட்டு விட்டு ஓட்டுவது மூன்று சீசன் தாண்டிவிட்டது. தண்ணீர் தெளிவு, தோட்டத்துக்கு அதுதான் போகிறது. கேட்டால் சிரிப்பீர்கள், புகார் ஒன்று புதிதாக வந்தது. பிளாண்டுக்குப் பக்கத்துக் காட்டேஜில் தங்குகிறவர்களிடமிருந்து. ப்ளோயர் ராத்திரி முழுக்க ஓடிய காலத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஏதோ அருவிச் சத்தம் என்று தூங்கிவிட்டார்கள். இப்போது ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கும் காடு மாதிரி அமைதி, அதில் திடீரென்று ப்ளோயர் கிளம்பினால் தூக்கிவாரிப் போடுகிறதாம். "யானை வந்துடுச்சா?" என்று ஒரு சென்னைக் குடும்பம் ரிசப்ஷனுக்குப் போன் பண்ணியிருக்கிறது.

முறைத்துக்கொண்டிருந்த அந்த வி.எஃப்.டி. பெட்டியை அப்போதுதான் இழுத்தேன். முப்பது ஹெர்ட்ஸில் தொடங்கி மூன்று நிமிடத்தில் மெல்ல ஐம்பதுக்கு ஏறும்படி வைத்திருக்கிறேன். மூன்று வாரமாகப் போன் வரவில்லை. பெல்ட்டும் முன்னைவிட நாள் தாங்கும்போலிருக்கிறது, அடுத்த மாற்றும் தேதியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.